பாலத்து ஏற்றத்தில் இழுவை

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டீசல் ஒர்க்‌ஷாப்பில் என் வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். ஐம்பது தாண்டியவர், காக்கிச் சட்டை. மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு பழைய பிக்கப்பை ஓட்டி வந்திருந்தார். இறங்கியதும் சுற்றிப் போய், இடதுபக்க சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அதில் யாரும் உட்கார்ந்து வந்திருக்கவில்லை.

“பாலத்து ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்குது. டீசல் பம்பைக் கொஞ்சம் ஏத்தி வைங்க.”

“பழைய எஞ்சினுங்க. கண்டபடி டீசலை ஏத்தினா கரும்புகை தள்ளும், சூடாகி உக்காந்துடும்,” என்ற மெக்கானிக், பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு மூடினார். “ஒரு தடவை பாலம் ஏறிட்டு வாங்க.”

புகையைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னை ஏற்றிவிட்டார்.

துடைத்த சீட்டில் உட்கார்ந்தேன். காவிரிப் பாலம் வருவதற்குள் அவர் பேச ஆரம்பித்திருந்தார். ஆற்றுத் தண்ணீர், மில்லில் லோடு குறைந்தது எல்லாம் சொல்லிவிட்டு, இப்போது வீட்டில் தனியாகத் தானே சமைப்பதாகவும் சொல்லி, ரசத்துக்குப் பெருங்காயம் முதலிலேயே போடணுமா, இறக்கும்போதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. புகையும் இல்லை. பேசிக்கொண்டே ஸ்ரீரங்கம் வரை போய்விட்டோம்.

திரும்பியதும் மெக்கானிக்கிடம், “இப்ப அருமையா இழுக்குதுங்க. இந்த அளவே போதும்,” என்றார்.

“நான் இன்னும் பம்பைத் தொடவே இல்லீங்களே.”

 அவர் இடது சீட்டைத் துடைத்துவிட்டுக் கிளம்பினார்.

பெருங்காயம் எப்போது போடுவதென்று அன்றைக்கே வீட்டில் கேட்டு வைத்துக்கொண்டேன். சொல்வதற்கு அவரை இன்னும் பார்க்கவில்லை.