வாய்க்கால் தெருவின் ஐந்தாவது குழாய்

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடுகிற இடத்தில் சுவரோரம் நிற்கிற ஆள். புத்தகம் படிக்கிறவர்கள் முன்னால் இப்படிப் பேனாவோடு வந்து உட்காருவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கீழே சொல்லப்போகும் காரியத்துக்கு மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையின் ஸ்டோரில் எனக்கு வேலை. வருகிற சாமானைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்குப் பஸ் ஏறுவேன். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் ஊர்ச் சங்கம் கூடும். ஊரைவிட்டு இங்கே வந்தவர்கள் பங்கு போட்டு ஊருக்கு ஏதாவது செய்வோம். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினோம். பிறகு தண்ணீர்த் தொட்டி.

தொட்டியிலிருந்து தெருக்களுக்குக் குழாய் போடலாம் என்று பேச்சு வந்தபோதுதான் முதல்முறையாகக் கை தூக்கினேன். எங்கள் தெரு ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிறது. அக்கா அங்கே தனியாக இருக்கிறாள். எங்கள் தெருவுக்கும் ஒரு குழாய் வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

சங்கத் தலைவர் முப்பது வருடத்துக்கு முன் வந்து, இங்கேயே குடியுரிமை வாங்கி, லாரிகள் வைத்திருக்கிறவர். "அட, நம்ம ஊமை பேசுது! உங்க தெருவுக்கு எதுக்குப்பா குழாய்? எங்க கிணத்தடியில வந்து நின்னா ஊத்தித்தான விடுறோம்? பழக்கம் விட்டுப்போயிடும் லா" என்றார். அந்த 'லா' சிங்கப்பூர்ப் பேச்சு.

மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. எங்கள் அம்மா அந்தக் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, மேலேயிருந்து யாராவது ஊற்றுவார்களா என்று நின்றதை அவரும் பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரே தட்டிலிருந்து இரண்டு பேரும் முறுக்கு எடுத்துத் தின்கிறோம்.

கிளமெண்டியிலிருந்து வரும் ஓர் ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "அஞ்சு தெரு இருக்குன்னா அஞ்சுக்கும் போடணும். இதுல என்ன பேச்சு?" என்றார். அப்படித்தான் எங்கள் தெரு பட்டியலில் ஏறியது. வேலையை ஊரிலிருந்த தலைவரின் மச்சான் எடுத்துக்கொண்டார்.

சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலை முடிந்ததும் மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். உடனே கும்பிடுகள் வந்து விழும். எந்த வீட்டு வாசல், எந்த மூலை என்று யாரும் கேட்பதில்லை. நாம் வந்து வருடக்கணக்காகிறது, தெருவெல்லாம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். மாலை போட்டதைச் சந்தேகப்படவும் மனம் வராது.

ஐந்தாவது படம் 'வாய்க்கால் தெரு' என்ற பெயரோடு வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். குழாயடியில் சிமெண்ட் மேடை. ஈரமாக இருந்தபோது ஏதோ ஆடு மிதித்து, இரண்டு குளம்பு பதிந்திருந்தது. முந்தைய படங்களையும் எடுத்துப் பெரிதாக்கினேன். நாலிலும் அதே குளம்புகள், அதே இடத்தில். ஒரே குழாய்க்கு ஐந்து முறை மாலை மாற்றியிருக்கிறார்கள். மற்ற தெருக்களில் கிணறு உண்டு, குழாய் வரவில்லை என்று அங்கிருந்து யாரும் போன் போடவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். "வாசல்ல குழாய் போட்டுட்டாங்களா?"

"குழாயா? வெயில்ல மண்டை காய்ஞ்சது உனக்கா எனக்காடா? இன்னைக்கும் வாய்க்காலைத் தாண்டிப் போய்த்தான் ரெண்டு குடம் தூக்கிட்டு வந்தேன். முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. அங்க பெரிய மனுசங்ககிட்ட நீதான் சொல்லேன்."

"சொல்றேன். பொறுத்துக்க."

சொல்லவில்லை. அன்றைக்கே ஆசிரியையிடம் சொல்லியிருந்தால் வேலை நடந்திருக்கும். தலைவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் பயந்துபோய்க் குழாயைப் போட்டுத் தந்திருப்பார். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தண்ணீர் மட்டும் எனக்குப் போதவில்லை. மூன்று மாதத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ஐந்து தெருவுக்கும் தண்ணீர் கொடுத்தவர் என்று தலைவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். அவர் மனைவி வருவார், சம்பந்தி வீட்டார் வருவார்கள். அந்த மாடி நிறைந்திருக்கும். ஸ்டோரில் பெட்டிகளைப் பிரிக்கும்போதெல்லாம் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்ப்பேன். பசியே எடுக்காது. வாராவாரம் அக்கா கேட்பாள். வாராவாரம் பொறுத்துக்க என்பேன்.

சங்கக் கூட்டங்களில் மாடியிலிருக்கும் டிவியில் படம் காட்டும் வேலை எப்போதும் என்னுடையது. அதற்கு வாய் தேவையில்லை.

கூட்டத்தன்று மதியம் தலைவர் பட்டுச் சட்டையில் வந்தார். "டேய் ஊமை, போட்டோவைப் போடு லா. எல்லாரும் பாக்கட்டும்." ஒவ்வொரு படமாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார்கள். ஐந்தாவதுக்கும் தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அந்த நேரத்தில் தெருவில் நிற்கும்படி முதல்நாளே சொல்லியிருந்தேன்.

டிவி முழுக்க அக்காவின் முகம் வந்தது. ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம். "லைவா காட்டுறீங்களா! நல்லாருக்கீங்களாம்மா? குழாயைக் காட்டுங்க பாப்போம்."

"நாங்களும் அதைத்தான் தேடுறோம் தாயி. அங்க சிங்கப்பூர்ல எங்கயாச்சும் கிடந்தா அனுப்பி வைங்க."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அக்கா போனைத் திருப்பிக்கொண்டு தெருவில் நடந்தாள். சுவர், காய்ந்த மண், வரிசையாகக் காலிக் குடங்கள். அடிக்கு ஒருமுறை படம் இடதுபக்கமாகச் சரிந்து நிமிர்ந்தது. அது ஏன் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு ஐந்து படங்களையும் ஒன்றாகப் போட்டேன். "ஆட்டுக் குளம்பைப் பாருங்க" என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

தலைவர் என் காதருகே குனிந்தார். "தம்பி, நிறுத்துப்பா. தனியா பேசிக்கலாம்." அதுவரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

"தனியாவும் எனக்குப் பேச வராதுண்ணே. ஊமைதான?"

அவர் மனைவி தட்டைப் பார்த்தபடி இருந்தார். சம்பந்தி கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. ஆசிரியை எழுந்து, "உங்க மச்சானுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நாளைக்குக் காலையில முதல்ல அந்தத் தெருவுல வேலை ஆரம்பிக்கணும். மத்த தெருவுக்கும் அடுத்தடுத்துப் போடணும்" என்றார். அத்தனை பேர் முன்னிலையில் தலைவர் தன் மச்சானைக் கெஞ்சினார். பொன்னாடை பிளாஸ்டிக் உறையிலேயே கிடந்தது. நான் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா கூப்பிட்டாள்.

"உனக்கு எப்பலேர்ந்துடா தெரியும்?"

"மூணு மாசமா."

"தெரிஞ்சுக்கிட்டேதான் பொறுத்துக்க பொறுத்துக்கன்னியா?"

வந்த பஸ்ஸில் ஏறாமல் விட்டேன்.

"உன் ரோஷத்துக்கு என் முட்டிதான் கிடைச்சுதா?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் மறுபடி அப்படி ஒரு நாள் வாய்த்தாலும் நான் அந்த மூன்று மாதமும் காத்துத்தான் இருப்பேன். பஸ்ஸில் துவாஸ் வரைக்கும் தலைவரின் முகத்தையே நினைத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் வாய்க்கால் தெருவில் பள்ளம் தோண்ட நாலு ஆள் வந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னார். மதியத்துக்குள் என்னைச் சங்கத்தின் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். அக்கா போனை எடுக்கவில்லை.