எரியும் விளக்கின்முன் அமீர்

கணினி விளையாட்டைப் பற்றி எழுதத் தகுந்தவன் நான் அல்லன். ஆயினும், அமீர் ஏன் வேலையை விடவில்லை என்பதை அறிந்தவர்களுள் நான் ஒருவனே எஞ்சியிருப்பதால், இதை எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

நேற்று என் மடிக்கணினியில் கார்ப் பந்தயம் விட்டுவிட்டு நகர்ந்தது. இந்த வயதில் பந்தயமா என்று நகைக்க வேண்டா. மின்சாரத்தைச் சேமிக்க, கணினியின் மூளையான செயலி (ப்ராசசர்) தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கட்டளையிட்டுச் சரிசெய்தேன். கார் சீராக ஓடத் தொடங்கியதும் எண்ணெய் வாடை நினைவில் எழுந்தது. தொண்ணூறுகளின் இறுதியில், ஓசூர் ஆலையொன்றின் கணினி அறையில் பணியாற்றினேன். பக்கத்தில் உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் கூடத்து வாடை எந்நேரமும் எங்கள் அறையில் தங்கியிருக்கும்.

ஓசூரை அடுத்த பேரிகை ஊர்க்காரரான அமீர் அக்கூடத்தில் பிரஸ் ஓட்டியவர். வலக்கை விரல்கள் பொறியில் நசுங்கி, மருத்துவம் முடிந்து திரும்பியிருந்தார். விரல்களைப் பழக்கவென்று மாலைதோறும் வந்து, லினக்ஸில் நான் ஏற்றியிருந்த கார் விளையாட்டை ஆடுவார். அவர் அமர்ந்தால் கார் திக்கித் திக்கி நகரும். அவர் எழுந்து நான் அமர்ந்தால் தடையின்றி ஓடும்.

“நீங்க உக்காந்தா ஓடுது, நான் உக்காந்தா நிக்குது. அப்ப கைதானே சார் செத்துப்போச்சு? திங்கக்கிழமை வேலைய வுட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடறேன்.”

“கையில ஒண்ணுமில்ல பாய். இந்தப் பொட்டிக்குத்தான் திக்குவாய். கன்னடத்துல அதட்டிப் பாருங்க, ஓடும்” என்றார் என்னுடன் பணியாற்றிய திம்மப்பா. அமீர் சிரிக்கவில்லை.

பின்னணியில் ஓடிய பணிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். செயலியில் விளையாட்டுக்கே முதலிடம் கொடுத்தேன். பயனில்லை. செயலியின் உள்ளெல்லாம் துருவிய மேதை நான், அதன்முன் அமர்ந்தவரைப் பார்க்கவில்லை. ஒரு மாலை அருகிலேயே அமர்ந்தேன். ஆடுமுன் அமீரின் இடக்கை, பெட்டியின் முகப்பிலிருந்த டர்போ பொத்தானை அழுத்திற்று. செயலியை முழுவேகத்தில் ஓட்டும் பொத்தான் அது. அதன் சிறுவிளக்கு அணைந்தது.

“அதை ஏன் அணைக்கறீங்க?”

“வெளக்கு எரியற மிசின்ல கை வெக்கலாமா சார்? எந்திரிக்கறப்ப போட்டுடறனே.”

பிரஸ் கூடத்து ஒழுங்கு அது. விளக்கை அணைத்த பின்னரே பொறிக்குள் கை நீட்ட வேண்டும். விலகும்போது அடுத்தவருக்காக மீண்டும் ஏற்ற வேண்டும். விபத்துக்குப் பின் அது அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது.

அந்த விளக்கு அணைந்தால் கணினியின் வேகம்தான் குறைகிறது, குறை கையில் இல்லை என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. அமீர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

“கடிக்காது பாய்” என்றார் திம்மப்பா, இம்முறை மெல்ல.

“எரியட்டும்” என்று விரல்களை விசைப்பலகைமேல் வைத்தார் அமீர். கார் ஓடிற்று, வளைவுகளில் மோதிற்று, மீண்டும் ஓடிற்று. கை மெதுவாக இருந்தது; அவ்வளவே. திங்கட்கிழமை அவர் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆலை இருந்த இடத்தில் இன்று அடுக்ககம் நிற்கிறது. டர்போ பொத்தான் எந்தக் கணினியிலும் இல்லை. அமீரும் திம்மப்பாவும் மறைந்துவிட்டனர். அமீர் மீண்டும் பிரஸ் முன்னே நின்றதை நேரில் கண்டதாகவே என் நினைவு. கண்டேனா, காண விரும்பினேனா என்று இப்போது ஐயமாயிருக்கிறது. அவருடன் அக்கூடத்தில் உழைத்தவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், பிழையிருப்பின் திருத்தி உதவுக.