தங்கத்தில் நேர்ந்த வள்ளம்

அன்ரோனெற்றுக்குக் கடலென்றால் பயமில்லை. மன்னார்க் கடற்கரைக் கிராமமான தாழ்வுபாட்டில் பிறந்தவளுக்கு அது என்ன புதிதா? அவளைப் பயத்தில் வாட்டியது வெள்ளி விலை. சிரிக்காதீர்கள். நான் அடுத்த வீட்டுக்காரி, அந்தப் பயத்தைக் கண்ணால் பார்த்தவள்.

போன வருடம் அவள் புருஷன் வலன்ரைனின் வள்ளம் இயந்திரம் பழுதாகிக் கரை திரும்பவில்லை. அவள் கோயிலுக்கு ஓடி, அந்தோனியாரின் சொரூபத்தைப் பிடித்துக்கொண்டு, "அவரைக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கோ, தங்கத்தில ஒரு வள்ளம் செய்து வைக்கிறன்" என்று நேர்ந்தாள். மனிசன் உயிரோடு வந்து சேர்ந்தார்.

நேர்த்தியை நிறைவேற்றப் போனபோதுதான் பெட்டியைத் திறந்து பார்த்தாள். வீட்டிலிருந்த தங்கம் ஒரேயொரு சங்கிலி. கருவாடு விற்ற காசில், மகள் மதுஷிகாவின் கலியாணத்துக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. பவுன் விற்கிற விலையில், அதை அழித்தால் இன்னொன்று வாங்க ஏலாது. பொன் வைக்கிற இடத்தில் பூ வைத்தால் போதும் என்பார்கள்தானே? அவள் வெள்ளி வைத்தாள். நகை செய்யும் யோகராசா அண்ணைதான் அந்தக் குட்டி வள்ளத்தைச் செய்து கொடுத்தார்.

அன்று பிடித்தது பயம். வலன்ரைன் கடலுக்குப் போகும்போதெல்லாம் அவளுக்குக் கை நடுங்கும். "அந்தோனியாரை ஏமாத்திப்போட்டன். தந்த ஆளைத் திருப்பி எடுத்துப்போடுவார்" என்று என்னிடம் அழுவாள். பிறகு வெள்ளி விலை தங்கத்தைவிட வேகமாக ஏறத் தொடங்கியது. மகளின் போனில் நாளும் இரண்டு விலையையும் பார்ப்பாள். வெள்ளி தங்கத்தை எட்டிப் பிடித்துவிட்டால் நேர்த்தி தீர்ந்துவிடுமாம்! விசர் என்று ஏசினேன். ஆனால் வெள்ளி ஏறிய நாட்களில் மட்டும்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒருநாள் வெள்ளி மளமளவென்று இறங்கியது. வலன்ரைன் கடலில். வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் யோகராசாவிடம் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"அண்ணை, அந்த வெள்ளி வள்ளத்துக்கு இண்டைக்கு எவ்வளவு தங்கம் வரும்?"

"ஏறின நாளிலயே குந்துமணி அளவுதான் தங்கச்சி வந்திருக்கும். இண்டைக்கு அதுவும் வராது."

அவள் மடியிலிருந்து மகளின் சங்கிலியை எடுத்து வைத்தாள். "இதை அழிச்சு வள்ளம் செய்யுங்கோ. இப்பவே செய்யுங்கோ."

அவர் செய்து முடிக்கும்வரை அவள் கதிரையில்கூட இருக்கவில்லை. பெருவிரல் நகத்தளவு வள்ளம். அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு கரைக்கு ஓடி வந்தோம். வலன்ரைன் நனைந்துபோய், வள்ளத்தை இழுத்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கையை விரித்துக் காட்டினாள்.

"சங்கிலியை அழிச்சுப்போட்டன். இனிப் பயமில்லை. நேர்த்தி தீர்ந்துது."

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

"அண்டைக்கு இயந்திரம் நிண்டபோது கடலுக்குள்ள நானும் ஒண்டு நேர்ந்தனான் அன்ரோனெற். தங்கத்திலதான். உனக்குச் சொல்லப் பயமாக் கிடந்தது." அவள் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது உன்ர வள்ளம். என்ரயை எதில செய்யிறது?"

அடுத்த நாள் விடிய அவர் வலையைத் தூக்கினார். அன்று இரண்டு பேருக்கும் கை நடுங்கியது.