தோலுறைக்குள் ஓர் அடையாள அட்டை

எங்கள் வீட்டுக்கு முதல் கையடக்கத் தொலைபேசி வந்த ஆறாம் நாள் என் கணவர் அதைக் கிணற்றடியில் போட்டார். பத்தாம் நாள் பஸ்ஸில் போட்டார். மூன்றாவது தடவை அவர் வேலை பார்க்கும் அரசாங்கக் கச்சேரியின் படிக்கட்டில் விழுந்து ஒரு மூலை தெறித்தே போனது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எதையாவது எடுக்கக் குனிவார், அது நேரே தரைக்குப் போய்விடும். "குனியாம ஒரு மனுசன் இருக்க முடியுமா?" என்று என்னிடமே நியாயம் கேட்டார். கச்சேரியில் இருபது வருடம் எழுதுவினைஞராக இருந்து என்ன பிரயோசனம், ஒரு போனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று நான் ஏசினேன்.

என் வாயைப் பற்றி நானே சொல்லிவிடுவது நல்லது. உக்குவளைப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். மிச்சக்காசு தராத கண்டக்டரையும் விடமாட்டேன், பிந்தி வருகிற பள்ளிக்கூட அதிபரையும் விடமாட்டேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான் என்பதால், வெளியில் யாரும் அகப்படாத நாட்களில் முழுவதும் அவர் தலையில்தான் விழும். அவரும் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

போனுக்கு ஒரு உறை வாங்குவது என்று முடிவாகி, ஒரு சனிக்கிழமை இரண்டு பேருமாக மாத்தளைக்குப் போனோம். பிரதான வீதியில் பெல்ட்டும் பேர்ஸும் கைக்கடிகாரப் பட்டியும் விற்கிற சின்னக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் முஸ்லிம், நானா என்றுதான் கூப்பிடுவோம், எங்களுக்கு நெடுநாள் பழக்கம். பாதிச் சாமான் அவரே தைத்தது. என்னைக் கண்டதும் "டீச்சர் வந்துட்டாங்க, இன்டைக்கு யாவாரம் முடிய லுஹர் பாங்கு செல்லிரும்" என்று சிரித்தார். அவர் சொன்னதில் பிழையில்லை, உண்மையாகவே மதியத் தொழுகை வரைக்கும் நின்றுவிட்டோம்.

மேசையில் ஏழெட்டு உறைகளைப் பரப்பி வைத்தார். கண்ணாடிபோல் தெரிகிற பிளாஸ்டிக் ஒன்று. ரெக்சினில் ஒன்று, அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், ஓரத்தில் உரிந்தது. கழுத்தில் மாட்டுகிற கயிறு வைத்தது ஒன்று. என் கணவருக்குக் கண்ணெல்லாம் பெல்ட்டில் கொழுவுகிற கறுப்பு உறையின் மேல். அவருடைய மேலதிகாரி அப்படித்தான் கொழுவிக்கொண்டு திரிவாராம்.

"அது வேணாங்க," என்றேன்.

"ஏன், எனக்குப் பொருந்தாதா?"

பொருத்தம் பார்க்கிற காலமா அது? வடக்கில் சண்டை உக்கிரமாகிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் மண்மூட்டையும் துவக்குமாக நின்றார்கள். சட்டைக்குக் கீழே இடுப்பில் எது புடைத்தாலும் அவர்களுடைய கண் முதலில் அங்கேதான் போகும். அதுவும் தமிழ் ஆள் என்று தெரிந்தால் சொல்ல வேண்டியதில்லை. நான் இடுப்பைக் காட்டி மெல்லச் சொன்னதும் நானாவும் தலையை ஆட்டி அந்தக் கறுப்பு உறையைத் தானே எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். என் கணவர் அதைப் பார்த்த பார்வை எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு நானா தன் கையால் தைத்த ஒன்றை எடுத்து வைத்தார். பழுப்பு நிறம், மூடி வைத்து ஒரு பொத்தான். முகர்ந்து பார்த்தேன். "இது என்ன தோல்?"

"ஆட்டுத் தோல் டீச்சர். மாடுமில்ல, பன்டியுமில்ல. உங்களுக்கும் சரி, எங்களுக்கும் சரி."

அதன் முதுகில் ஒரு பொக்கெட் இருந்தது. அதைக் கண்டவுடன் நான் தீர்மானித்துவிட்டேன். அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே விட்டு, அதைச் சட்டையோடு சேர்த்து என்னைக் கொண்டு இரண்டு முறை துவைக்க வைத்த மனிதர் இவர். அட்டையும் போனும் ஒரே உறைக்குள் இருந்தால் ஒன்றை எடுக்கும்போது மற்றதும் வரும், இரண்டும் தொலையாது. கணக்கு டீச்சரின் மூளை அப்படித்தான் வேலை செய்தது. கடையிலேயே அவருடைய அட்டையை வாங்கி என் கையாலேயே அந்தப் பொக்கெட்டுக்குள் செருகினேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதம் போன் கீழே விழவில்லை. அட்டையும் தண்ணீர் காணவில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய பிறந்த நட்சத்திரம் வந்தது. மாத்தளை அம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வருவோம் என்று அவரும் லீவு போட்டார். வேட்டி சட்டையோடு மாத்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் கவனித்தேன், கையில் உறையோடு கோயிலுக்குப் புறப்பட்டிருக்கிறார்.

"தோலக் கொண்டுகிட்டா கோயிலுக்குள்ள போகப் போறீங்க?"

"அப்ப தவிலு எந்தத் தோல்ல கட்டினதாம்?" என்றார். இந்தக் கேள்வியை எத்தனை நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்தாரோ தெரியவில்லை.

"தவிலு வேற, இது வேற. எனக்கு வெளக்கம் சொல்ல வராதீங்க."

எனக்குப் பதில் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் நடுவீதியில் என்னோடு வாதாடி வென்றவர் யாரும் கிடையாது. வழியில் இருந்த நானாவின் கடைக்குள் நுழைந்து போனை மட்டும் உருவி மடியில் கட்டிக்கொண்டு, உறையை அவரிடம் கொடுத்தார். "பூசை முடிய வந்து எடுத்துக்கிறேன்," என்றார். நானா அதை லாச்சிக்குள் வைத்தார். முதுகுப் பொக்கெட்டுக்குள் அட்டை கிடப்பது என் கணவருக்கும் நினைவில்லை. அதை அங்கே செருகிய எனக்கும் நினைவில்லை.

அர்ச்சனை நல்லபடியாக நடந்தது. தீபாராதனை நேரம் பார்த்து அவருடைய மடியில் போன் அலறியது. கோயிலே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "வெளிய கொண்டு போய்ப் பேசித் தொலைங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டினேன். தோளில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டே வீதிக்குப் போனார்.

பிரசாதத்தை வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது வீதி இரண்டு பக்கமும் அடைக்கப்பட்டிருந்தது. பொலீசும் ஆமியுமாக நின்று ஆம்பிளைகளை வரிசையாக நிறுத்தி அட்டை பார்த்தார்கள். அட்டை காட்டியவர்கள் ஒரு பக்கம் போனார்கள். அட்டை இல்லாத ஐந்தாறு பேரை லொறி ஒன்றின் பக்கத்தில் தரையில் உட்கார்த்தியிருந்தார்கள். அதில் ஒருவர் நெற்றியில் திருநீறோடு என் கணவர். அவருடைய போன் ஜீப்பின் முன்பக்கத்தில் அம்மணமாகக் கிடந்தது.

அந்தக் காலத்தில் லொறியில் ஏறுவது என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். விசாரித்துவிட்டுப் பின்னேரமே விட்டதும் உண்டு. மாதக்கணக்கில் வைத்திருந்ததும் உண்டு. எங்கே கொண்டுபோனார்கள் என்றே தெரியாமல் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிய தாய்மாரும் பெண்சாதிமாரும் உண்டு.

என்னைக் கண்டதும் அவர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "கவருக்குள்ள. அட்டை கவருக்குள்ள. லொறி போறதுக்குள்ள கொண்டு வந்தா விடுறதாச் சொல்றாங்க."

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பி ஓடினேன். ஐம்பது வயதில், சேலையோடு, பிரசாதத் தட்டோடு மாத்தளை வீதியில் ஓடினேன்.

கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடை, அதற்கும் பக்கத்துக் கடை, எல்லாம் பூட்டு. வெள்ளிக்கிழமை மதியம் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள்.

பள்ளிவாசல் தூரமில்லை. ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்டது. தலை நிறையப் பூவும் கையில் பொங்கலுமாக வாசலில் போய் நின்றேன். பிந்தி வந்த ஒருவர் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நானாவைக் கொஞ்சம் கூப்பிடச் சொல்லி மன்றாடினேன். அவர் பரிதாபமாகப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, கையால் "பொறுங்க" என்று காட்டிவிட்டு உள்ளே போனார். பிரசங்கம் நடக்கும்போது அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, நெஞ்சு கேட்கவேண்டுமே! உள்ளே அத்தனை நூறு ஆம்பிளைகள், ஒருவரையும் கூப்பிட முடியாது. கத்திவிடலாமா என்று நினைத்தேன்.

எல்லோரும் ஒன்றாக வெளியே வந்தால் அந்த வெள்ளைத் தொப்பிகளுக்குள் நானாவை எப்படிக் கண்டுபிடிப்பது? வாசலில் பரவிக் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். எல்லாம் ரப்பரும் பிளாஸ்டிக்குமாகக் கிடக்க, ஓர் ஓரத்தில் தடித்த அடியும் வெள்ளை நூல் தையலுமாக ஒரு சோடி தோல் செருப்பு. அவர் கையால் தைத்ததுதான், சந்தேகமே இல்லை. போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டேன். கோயிலுக்குள் தோல் வரக்கூடாது என்றவள், ஒரு சோடி தோல் செருப்புக்குக் காவல் நின்றேன். மாரியாத்தா, லொறி ஸ்டார்ட் ஆகக்கூடாது, ஸ்டார்ட் ஆகக்கூடாது என்பதைத் தவிர என் வாயில் வேறு தேவாரம் வரவில்லை.

தொழுகை முடிந்து சலாம் கொடுக்கும் சத்தம் கேட்டது. நானா வந்தார். தன் செருப்புக்குப் பக்கத்தில் என்னைக் கண்டு திகைத்தார். "என்ன டீச்சர், இங்க?"

"அட்டை… கவருக்குள்ள… அவர லொறிகிட்ட வச்சிருக்காங்க."

"யா அல்லாஹ்!" என்றார். செருப்பில் ஒரு கால்தான் நுழைந்தது. மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். அவசரமாகப் பூட்டைத் திறந்தார். லாச்சியை இழுத்து உறையை எடுத்து, முதுகில் விரலை விட்டு அட்டையை வெளியே எடுத்தார். அதில் என் கணவருடைய மீசை முகத்தைக் கண்டதும் எனக்கு மூச்சு வந்தது. "நீங்க தனியப் போகவேணாம், நானும் வாரேன்," என்று கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தார்.

லொறி நின்றது. ஆட்களை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். முதல் ஆள் ஏறிவிட்டார், என் கணவர் மூன்றாவதாக நின்றார். நானா ஒரு பொலீஸ் அதிகாரியிடம் போய்ச் சிங்களத்தில் சொன்னார்: இவர் கச்சேரி உத்தியோகத்தர், எனக்குத் தெரிந்தவர், அட்டை என் கடையில் இருந்தது. அதிகாரி அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டையைக் கடையில் விட்டுவிட்டு யாராவது வீதியில் நடப்பார்களா என்று என் கணவரிடம் கேட்டார். கோயிலுக்குள் தோல் கொண்டுபோவதில்லை, அட்டை அந்தத் தோல் உறைக்குள் இருந்தது என்று இவர் சொன்னார். அதிகாரி நானாவின் கையில் இருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஜீப்பிலிருந்த போனை எடுத்து இவர் கையில் கொடுத்து, போகச் சொன்னார்.

அப்பாடா! உயிர் திரும்பி வருவது என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் உணர்ந்தேன். நானாவின் கடை ஸ்டூலில் போய் விழுந்தேன். அவர் பிளேன்டீ எடுப்பித்தார். பிரசாதத் தட்டை விடாமல் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அட்டையை உறைக்குள் வைக்கப் போன என் கணவரின் கையில் ஓர் அடி போட்டு, அதைச் சட்டைப் பைக்குள் வைக்கச் சொன்னேன். சட்டையோடு துவைத்தால் துவைத்துவிட்டுப் போகிறேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன். "எல்லாத்துக்கும் காரணம் நான்தான். அட்டையை அதுக்குள்ள வச்சதும் நான், தோல் வேணாம்னதும் நான், வெளிய வெரட்டினதும் நான். ஒரு வார்த்த ஏசலியே நீங்க?"

"ஏச எங்க நேரம்? பயந்துகிட்டுல்ல இருந்தேன்."

"லொறியப் பாத்தா?"

"லொறிய இல்ல. நீ வந்ததும், அவங்ககிட்ட வாய் குடுத்துருவியேன்னு பயந்தேன். ஆனா நீ வாயே தொறக்கல. பேசாமத் திரும்பி ஓடுன. அப்பத்தான் எனக்கு ஒடம்பெல்லாம் வெறச்சுப் போச்சு. இவளே பேசாமப் போறாளே, அப்ப இனி நான் வீட்டுக்கு வரப்போறதில்லன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பூசை நேரத்தில் போனை அமத்தி வைக்கத் தெரியாதா, அட்டை எங்கே இருக்கிறது என்ற நினைப்பு வேண்டாமா, இத்தனை வயதுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா என்று ஒன்றும் விடாமல் ஏசினேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கென்ன? உக்குவளைக்கு முந்திய தரிப்பிடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தினேன்.

அவர் என் பக்கம் சாய்ந்து, "இன்னுங் கொஞ்சம் ஏசு," என்றார்.