மீட்கப் போன ஜீப்

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். எறும்புத் தலை அளவு ஸ்குருக்களைப் பகல் முழுக்க முடுக்குவதுதான் தொழில். கிள்ளானில் இருக்கும் வீட்டிலிருந்து ரயிலில் போய் ரயிலிலேயே திரும்புகிறவன். அப்படிப்பட்ட மனுஷனுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜீப் தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் நின்றது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. விற்றவருக்குக் கோழியைக் கிளப்ப மனசு வரவில்லை. குஞ்சு பொரித்ததும் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். புத்தி தெளிய எனக்குக் கிடைத்த அவகாசம் அது. நான் அதை வீடியோ பார்த்தே கழித்தேன். பிறகு ஒரு நாள், "சும்மா பாத்துட்டு வரேன்" என்று கிளம்பிப் போய், இழுவை லோரியின் முன் சீட்டில் உட்கார்ந்து வீடு திரும்பினேன்.

மனைவி வாசலில் நின்று லோரியின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"இது ஓடுமா?"

"ஓடும்."

"எப்போ?"

லோரிக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கார் போர்ச்சில் ஜீப் ஏறியது. மனைவியின் சின்னக் கார் தெருவுக்குப் போய்க் காக்கைகளுக்குக் கீழே நின்றது. கறிவேப்பிலைத் தொட்டிகள் வாசல் சாக்கடையான லோங்காங்கின் மூடி மேல் வரிசையாகக் குடியேறின. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் சாயங்காலமானால் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "டா போலே ஜாலான்?" என்பார், ஓடுமா என்று. "புலான் டெப்பான்" என்பேன். அடுத்த மாதம். அவர் எந்த மாதம் கேட்டாலும் எனக்கு அடுத்த மாதம்தான்.

பிரிப்பது எளிதாகத்தான் இருந்தது. கழற்றிய போல்ட்டுகளை பிஸ்கட் டின்களில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினேன். எழுதியதை எண்ணெய் அழித்தது. கியர்பாக்ஸைத் திரும்ப மாட்டி முடித்தபோது ஒரு கைப்பிடி போல்ட் மிஞ்சியது. கம்பெனிக்காரன் உபரியாகக் கொடுத்திருப்பான் என்று மனைவியிடம் சொன்னேன். "ஆமா, நீங்க வருவீங்கன்னு அப்பவே எடுத்து வச்சிட்டான்" என்றாள்.

தரை விரிப்பைத் தூக்கியபோது உள்ளேயிருந்தே போர்ச்சின் டைல்ஸ் தெரிந்தது. துருப்பிடித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் செய்த வேலையில் தகடு சரியாகத்தான் ஒட்டியது. கூடவே டிரைவர் சீட்டின் தண்டவாளமும் ஒட்டிக்கொண்டது. அதனால் அந்த சீட் முன்னும் போகாது, பின்னும் போகாது. நல்லவேளை, என் கால் நீளத்துக்குத்தான் ஒட்டியிருந்தது.

ஒருவழியாக ஒரு நாள் வண்டி ஓடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. பெரிய டயர் போட்டேன். டயர் உரசியதால் வண்டியை உயர்த்தினேன். உயர்த்தியதும் மனைவியால் ஏற முடியவில்லை, பிளாஸ்டிக் முக்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். ஒரு பேரங்காடியின் கார் நிறுத்தத்துக்குள் நுழையப் போனபோது, உயரம் காட்டத் தொங்கவிட்டிருந்த கம்பி, ஜீப்பின் தலையில் நான் மாட்டியிருந்த கூரை விளக்குகளில் டங்கென்று இடித்தது. பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹார்ன் அடிக்க அடிக்க ரிவர்ஸில் வெளியே வந்தேன். கடைசியாக ஸ்நோர்கல் மாட்டினேன். எஞ்சின் சுவாசிக்கும் காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுத்துவரும் கறுப்புக் குழாய் அது. ஆற்றுக்குள் இறங்கினாலும் எஞ்சின் தண்ணீர் குடிக்காது. கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடுவே எந்த ஆற்றுக்குள் இறங்கப் போகிறேன் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டிருந்தார்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து விடாத மழை. கடலும் பெருக்கெடுத்த நேரம். என் மனைவியின் அக்காவும் அவர் கணவரும் கிள்ளானிலேயே கொஞ்சம் தாழ்வான ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறார்கள். மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, இருவரும் மாடியில் இருக்கிறோம் என்று.

மனைவி போனை வைத்துவிட்டு ஜீப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது.

"போய் அவங்கள கூட்டிட்டு வாங்க."

நான் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டேன். கயிறு எடுத்துக்கொண்டேன். மழை கொட்டுகிற நேரத்தில் கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

தாமானின் நுழைவாயிலில் கார்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. நான் மட்டும் ஜீப்பைத் தண்ணீரில் இறக்கினேன். தண்ணீர் இரண்டு பக்கமும் விரிந்து வழிவிட்டது. ஓரத்தில் நின்றவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கையைக் கூட ஆட்டினேன். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் கத்தினார்.

"பாஸ்! மெதுவா போங்க லா! நீங்க கிளப்புற அலையெல்லாம் வீட்டுக்குள்ள போவுது!"

வெட்கமாகப் போய்விட்டது. மெதுவாகப் போனேன். தண்ணீர் ஏற ஏற எஞ்சின் ஒரே சீராக ஓடியது. ஸ்நோர்கல் வேலை செய்கிறது! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்போதுதான் பாதம் குளிர்ந்தது.

ஜீப்பின் தரையில், கழுவிய தண்ணீர் வடிவதற்கென்றே சில ஓட்டைகள் உண்டு. அவற்றை ரப்பர் மூடிகள் அடைத்திருக்கும். வண்டியின் அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்தபோது ஓரமெல்லாம் நேர்த்தியாக வர வேண்டுமென்று மூடிகளைப் பிடுங்கிச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். அவை இப்போதும் அங்கேதான் இருந்தன. ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஊற்று போலப் பொங்கியது. பூட்ஸ் நிறைந்தது, சீட் நனைந்தது. சீட்டுக்கு அடியில், இடம் மிச்சம் பிடிக்கவென்று நான் கொண்டுபோயிருந்த ஒயர்கள், டேப் சுற்றிய என் கைவேலை, அவையும் நனைந்தன. டீசலை உள்ளே விடும் வால்வுக்குப் போகிற ஒயர் அதில் ஒன்று. அக்காவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஜீப் அடங்கி நின்றது.

மாடி ஜன்னல் திறந்தது.

"தம்பி! நீங்களா?"

"நான்தான்க்கா. உங்களக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"எதுல?"

நான் சாவியை இன்னொரு முறை திருகிப் பார்த்தேன்.

"நாங்க மேல காஞ்சி போய்தான் இருக்கோம். நீங்க இடுப்பு வரைக்கும் தண்ணியில உக்காந்துகிட்டு இருக்கீங்க. ஏறி வாங்க மொதல்ல!"

அக்காவின் கணவர், என் சகலை, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அவர் தண்ணீருக்குள் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். படிகளில் ஏறும்போது என் பூட்ஸிலிருந்து சளப் சளப்பென்று சத்தம் வந்தது. அவருடைய கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டேன். கையடக்க காஸ் அடுப்பில் அக்கா மீ நூடுல்ஸ் சமைத்துக் கொடுத்தார். மூவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜீப்பைப் பார்த்தோம். கூரை விளக்குகள் மட்டும் கம்பீரமாக இருந்தன.

சாயங்காலம் தன்னார்வலர்களின் படகு வந்தது. அக்காவும் சகலையும் வரமாட்டோம் என்றார்கள். மழை விட்டுவிட்டது, சாப்பாடு இருக்கிறது, காய்ந்த மெத்தை இருக்கிறது. படகிலிருந்த பெண் என்னைப் பார்த்தார்.

"அங்கிள், ரொம்ப நடுங்குறீங்க. நீங்க வாங்க."

என்னைப் போர்வையால் சுற்றி, கையில் ஒரு சோற்றுப் பொட்டலமும் கொடுத்தார்கள். ஜீப்பைக் கடக்கும்போது ஒரு தன்னார்வலர், "யாரோட வண்டியோ, பாவம்" என்றார். நானும் பாவம் என்றேன்.

தண்ணீர் முடியும் இடத்தில் மனைவி நின்றிருந்தாள். என் போன் நனைந்து செத்துப்போனதிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறாள். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா எங்க?"

"வீட்டுல. நல்லா இருக்காங்க."

"அப்போ நீங்க யாரக் காப்பாத்தப் போனீங்க?"

திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். அவள் போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டாள். கார் வரைக்கும் விடவில்லை. காருக்குள் உட்கார்ந்து என் கைலியைப் பார்த்த பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தாள். வீடு வரை சிரித்தாள்.

தண்ணீர் வடிந்ததும் ஜீப் மறுபடி இழுவை லோரியில் வந்தது. ஒரு வாரம் கழித்து, தன் வீட்டைக் கழுவி முடித்த சகலை வந்து நின்றார். வண்டியைச் சுற்றி வந்தார். "ஒயர் ஜாயின்ட்ட யாரு போட்டது?" என்று கேட்டார். நான் என்றேன். "ம்" என்றார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் படுத்தார். கல்யாணம், காதுகுத்து என்று எத்தனையோ முறை பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறோம். சாப்பிட்டாச்சா என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. இப்போது சனிக்கிழமைகளில் வருகிறார். வெல்டிங் அவருக்கும் வராது. இரண்டு பேரும் சேர்ந்து வீடியோ பார்க்கிறோம்.

ஜீப் ஓடுகிறது, காய்கறி வாங்கப் பாசார் வரைக்கும். ஆனால் வானம் கறுத்தால் போதும், அக்காவிடமிருந்து போன் வந்துவிடும்.

"தம்பி, மழை இருட்டிட்டு வருது. நீங்க எங்கயும் கெளம்பிடாதீங்க."

சரிக்கா என்கிறேன். பின்னாலிருந்து சகலையின் குரல், பிரேக் எண்ணெய் மாற்றியாயிற்றா என்று கேட்கச் சொல்கிறது. மாற்றிவிட்டேன் என்கிறேன். அவர் நம்புவதில்லை. சனிக்கிழமை வந்து தானே திறந்து பார்க்கிறார்.