கத்தி சிவக்காத நாள்

துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். சுண்ணாம்பைத் துத்தத்தில் ஊற்றக் கூடாது. ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்வார்கள். ஈரக் காற்று அடித்தால் இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்துக் கொடியையே தின்றுவிடும் நோய்க்கு இந்தக் கலவைதான் மருந்து. துத்தம் என்பது மயில்துத்தம். மயில் கழுத்தின் நிறத்தில், கற்கண்டு போலக் கட்டிகட்டியாக இருக்கும்.

கலந்து முடித்ததும் அப்பா கவாத்துக் கத்தியை அதில் முக்கிச் சற்று நேரம் பிடித்திருப்பார். இரும்பின் மேல் செம்பு நிறம் ஏறியிருந்தால் கலவையில் இன்னும் வேகம் இருக்கிறது, தளிர் கருகிவிடும் என்று பொருள். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்ப்பார். கத்தி சிவக்காமல் வெளியே வந்தால்தான் மருந்தடிக்கும் மோட்டாரை ஓட்டுவார்.

பின்னாளில் பதினொன்றாம் வகுப்பு ஆய்வகத்தில் ஆசிரியை இரும்பாணி ஒன்றை நீலக் கரைசலில் போடப்போனார். என்ன நடக்கும் என்று அவர் கேட்டபோது, ஆணி உள்ளே இறங்குவதற்கு முன்பே பதில் சொன்னவள் நான். இரும்பு தான் கரைந்து செம்பை வெளியே தள்ளுகிறது என்ற விளக்கம் மட்டும்தான் எனக்குப் புதிது. எங்கள் குடும்பத்தில் அந்த வகுப்பு வரை போன முதல் ஆள் நான். அன்று எனக்கு வந்த கர்வத்தை இன்றும் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. இப்போது அதே பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சோதனை வரும் நாளில், நான்காம் வகுப்பில் படித்தபோது எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது நினைவுக்கு வருகிறது.

அந்தத் தை மாதம்தான் அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அப்பாவின் ஒரே தங்கை. ஆடி பிறந்ததும் முறைப்படி வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆடி முடிந்தது. அழைத்துப் போக யாரும் வரவில்லை. ஆவணியில் கம்பத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். பெண்ணை இனி அனுப்ப வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லச் சொன்னார்களாம். சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அத்தை சாப்பிடவில்லை. பேச்சும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையே அப்பா வீட்டிலிருந்த பூச்சிமருந்துப் புட்டிகளையெல்லாம் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். துத்தச் சிப்பம் மட்டும் வீட்டை ஒட்டிய சாய்ப்பிலேயே கிடந்தது. அதை விஷம் என்று யாரும் நினைப்பதில்லை.

மறுநாள் காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அம்மா தடுத்தாள்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடம் வேணாம். அத்தை கூடவே இரு. அவ எங்கன போனாலும் நீயும் போ."

"கொல்லைக்குப் போனாலுமா?"

"கொல்லைக்குப் போனாலுந்தான். எதுத்து எதுத்துப் பேசாத."

எனக்குச் சரியான கோபம். வகுப்பில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவள் நான். ஆனாலும் அத்தையின் பின்னாலேயே நடந்தேன். அவள் எழுந்து சாய்ப்புக்குப் போனாள். சிப்பத்தின் வாயைப் பிரித்து ஒரு நீலக் கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூரை இடுக்கு வழியாக வந்த வெயில் அதன் மேல் விழுந்து பளிச்சென்று மின்னியது.

"அழகா இருக்குல்ல அத்தை?" என்றேன்.

"ஆமாடி," என்றாள். கம்பத்து ஆள் போன பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அப்போது அம்மா வந்தாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு, குழந்தை வாயில் போடப்போன எதையோ பிடுங்குவதுபோல, அந்தக் கட்டியை அத்தையின் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். திட்டவில்லை. "சமையக்கட்டுல வெங்காயம் கெடக்கு. ரெண்டு பேரும் போய் உரிங்க," என்று மட்டும் சொன்னாள்.

அடுப்படி ஜன்னல் வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அம்மா சிப்பத்தை முற்றத்துக்கு இழுத்து வந்து, பிளாஸ்டிக் டிரம்மில் மொத்தமாகக் கவிழ்த்தாள். குளிக்கக் காய்ந்திருந்த வெந்நீரை அண்டாவோடு தூக்கி ஊற்றிக் கம்பால் கலக்கினாள். அடுத்த மருந்தடிப்புக்காக நீற்றி வைத்திருந்த சுண்ணாம்பு இன்னொரு டிரம்மில் இருந்தது. நீலத்தைக் குடம் குடமாக மொண்டு அதில் ஊற்றினாள். கத்தியை முக்கிப் பார்த்தாள், சிவந்திருந்தது. சுண்ணாம்புக் கல் இன்னும் கொஞ்சம் எடுத்து நீற்றி ஊற்றினாள். மறுபடி கத்தியை முக்கினாள். கலவை அன்றைக்கு மட்டும்தான் உதவும், மறுநாள் வைத்தால் வீண் என்பது எனக்கே தெரியும். இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தேன்.

சின்னமனூர் போயிருந்த அப்பா திரும்பி வந்தபோது அம்மா கையில் கத்தியோடு நின்றிருந்தாள்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? போன வாரந்தான மருந்தடிச்சோம்? மானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. சீசன் முச்சூடும் வச்சிருந்து அடிக்க வாங்குனதுடி இது!"

"கை தவறிருச்சு."

"ஒரு சிப்பமா கை தவறும்?"

அம்மா அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். ஜன்னலில் என் முகமும், எனக்குப் பின்னால் அத்தையின் முதுகும் தெரிந்திருக்கும். அடுத்த வசவு அவர் வாயிலேயே நின்றுவிட்டது. அம்மாவிடமிருந்து கத்தியை வாங்கி, தானே ஒருமுறை முக்கி எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேட்டியில் துடைத்தார்.

"சரி, கலந்தது கலந்தாச்சு. பொழுது சாயறதுக்குள்ள அடிச்சு முடிக்கணும். எல்லாரும் கெளம்புங்க. தங்கச்சியவும் வரச் சொல்லு."

தோட்டத்தில் அத்தையின் கையில் ஓஸ் குழாயைக் கொடுத்தார்கள். அப்பா பந்தலுக்கடியில் மருந்தடித்துக்கொண்டே போக, அது சிக்காமல் அவள் பின்னால் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். நோயே இல்லாத இலைகள் வெளிறிய நீலத்தில் நனைந்து சொட்டின. பக்கத்துத் தோட்டத்து மாமா வரப்பில் வந்து நின்றுகொண்டார்.

"என்ன மாப்ள, தீவாளிக்கு முன்னாலயே பந்தலுக்கு வெள்ளையடிக்கிற?"

"நாந்தான் மச்சான் நாள மறந்து கலந்துட்டேன்," என்றார் அப்பா. "மிச்சம் நெறைய இருக்கு. ஒன் பந்தலுக்கும் அடிச்சு விடவா?"

"ஏலே, ஓசில வந்தா வேணாம்னு சொல்ல நான் என்ன ஒன்னய மாதிரி கிறுக்கனா?"

எனக்கு அவமானமாக இருந்தது. வரப்பு ஓரத்து ஒரு முழ மண்ணுக்காக இதே மாமாவிடம் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றவர் அப்பா. செய்யாத தவறைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அன்று சிரித்தார்.

கலவை அடியில் தங்கிவிடாமல் அம்மா கலக்கிக்கொண்டே இருந்தாள். வெயில் இறங்கியபோது மோட்டார் நின்றது. அத்தை ஓஸைக் கீழே போட்டுவிட்டு டிரம் அருகில் வந்தாள். அவள் தலைமுடியிலும் கையிலும் மருந்து காய்ந்து பூத்திருந்தது. குனிந்து உள்ளே பார்த்தாள்.

"மொத்தத்தையுமா கலந்துட்ட, மதினி?"

"மொத்தத்தையும்."

"ஒரு கல்லுகூட மிச்சம் வைக்கலயா?"

"வைக்க மாட்டேன் தாயி," என்றாள் அம்மா. கம்பைச் சுழற்றும் கை மட்டும் நிற்கவில்லை. "ஒனக்கு நான் வைக்க மாட்டேன்."

அத்தை அப்படியே வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். வீணாய்ப்போன துத்தத்துக்காக அப்பா கத்தினார், மாமா சிரித்தார், இப்போது இவளும் அழுகிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டேன்.

"அழுகாத அத்தை. அப்பா வேற துத்தம் வாங்கிட்டு வந்துருவாக."

அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். அத்தைதான் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் அதைத் தன் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள், வெகுநேரம் விடவில்லை. ஆறுதல் சொன்னவளுக்கு எதற்கு அடி என்று கேட்க நினைத்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேட்காமல் நின்றேன்.