மஞ்சளாய் வந்த முகம்

மூன்றாம் ஆண்டோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய கையால், மலாக்கா பக்கம் மெர்லிமாவில் சொந்தமாக நகலெடுக்கும் கடை வைத்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் கணினி, ஸ்கேனர், மை தெளிக்கும் பிரிண்டர் எல்லாம் வாங்கிப் போட்டேன். படித்தவர்களே அவற்றைத் தொடப் பயந்த காலம். யாரிடமும் கேட்காமல் இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் நியாலாஸ் தோட்டத்தில் அக்கா வீட்டுக்காரர், என் அத்தான் இறந்தார், மஞ்சள் காமாலையில். கடைசியில் கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். மூன்று மாதம் அக்காதான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். அவர் படம் என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று: வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த, தபால்தலை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். பதினாறாம் நாள் படையலுக்கு அதைப் பெரிதாக்க, அக்கா ஸ்டூடியோவுக்குப் புறப்பட்டாள்.

"எதுக்குக்கா ஸ்டூடியோ? நான் இருக்கேன்லா," என்று வாங்கி வந்துவிட்டேன்.

அன்றிரவே ஸ்கேன் செய்து பெரிதாக அச்சடித்தேன். கடையின் குழல் விளக்கில் பார்த்தபோது ஸ்டூடியோப் படமே தோற்றுப்போகும் போலிருந்தது. பெரிய சட்டம் போட்டுக் காலையில் கொண்டுபோனேன். அக்கா அதை வாசல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, மஞ்சளா இருக்காரு?"

"கறுப்பு வெள்ளைல ஏதுக்கா மஞ்சள்? அழுது அழுது ஒன் கண்ணு கெட்டுப்போச்சு."

"இந்த மூஞ்சியத்தான் மூணு மாசம் பாத்தேன். இத வச்சுக் கும்பிட மாட்டேன். எடுத்துட்டுப் போ."

அவள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் படத்தை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோனேன். கன்னம், நெற்றி, கண்ணின் வெள்ளைகூடப் பச்சை கலந்த மஞ்சள். கட்டிலில் கிடந்த அதே முகத்தோடு அத்தான் படத்திலிருந்து என்னைப் பார்த்தார். அப்போதும், "மிஷின் சரியில்லக்கா" என்றுதான் சொன்னேன். கண்ணைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

வண்ண மைகளைக் கலந்துதான் அந்த இயந்திரம் சாம்பல் நிறத்தை உண்டாக்குகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. குழல் விளக்கில் ஒளிந்திருக்கும் நிறம் வெயிலில் வெளியே வந்துவிடும். கடைக்குத் திரும்பி மஞ்சளைக் குறைத்தேன், அத்தான் ரோஜா நிறமானார். ஒவ்வொரு தாளையும் வெயிலில் பார்க்கத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

"என்னண்ணே, கருவாடு காயப் போடுறீங்களா?" என்றார் பக்கத்து மோட்டார் பட்டறைக்காரர். நான் அடுத்த தாளை அடிக்க உள்ளே போனேன்.

கடைசியில் கறுப்பு மையில் மட்டும் அடிக்கும்படி மாற்றினேன். நிறம் போயிற்று, ஆனால் முகமெல்லாம் மணல் தூவியது போலப் புள்ளிகள். மலாக்கா டவுனுக்குப் போய்ப் படத்துக்கென்றே விற்கும் கெட்டித் தாள் வாங்கி வந்தேன். அச்சடிக்கும் வேகத்தைக் குறைத்து, படத்தையும் பாதியாகச் சுருக்கினேன். புள்ளிகள் அடங்கின. அதே பெரிய சட்டத்துக்குள், சுற்றிலும் வெள்ளை விட்டு ஒட்டினேன். இன்றைக்கும் சொல்வேன், அதைவிட நல்ல கறுப்பு வெள்ளைப் படம் அந்தக் காலத்தில் மலாக்காவில் எவன் பிரிண்டரிலும் வந்திருக்காது.

படையலன்று அக்கா அதை வாங்கிக்கொண்டு நேரே முற்றத்துக்குப் போனாள். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். வாழையிலைக் கட்டைப் பிடித்தபடி நான் நின்றிருந்தேன். பிறகு உள்ளே வந்து, படத்தைச் சுவரோரம் வைத்து, கண்ணாடியின் மேல் சந்தனம் வைத்தாள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றாள், என்னைப் பார்க்காமல்.

ஆமாம் அக்கா என்று சொல்லியிருக்கலாம். இலை போட நேரமாச்சு என்றேன்.